ஒரு நகரத்தின் கிரேன்களை எண்ணினால் என்ன தெரியும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயரமான கட்டடங்கள் எழும் நகரங்களில் டவர் கிரேன்களை எண்ணிப் பட்டியல் போடும் வழக்கம் சில பத்தாண்டுகளாக இருக்கிறது. "வட அமெரிக்காவிலேயே அதிக கிரேன்கள் டொரொண்டோவில்" என்று செய்தி வந்தால், அது இப்படி ஒரு பட்டியலில் இருந்து வந்ததுதான். அந்த எண்ணை வைத்து வீடு வாங்குகிறார்கள், வாங்காமல் விடுகிறார்கள், ஊரைப் பற்றிப் பெருமை பேசுகிறார்கள். ஆகவே அந்த எண் என்ன சொல்கிறது, எங்கே ஏமாற்றும் என்று தெரிந்துகொள்வது நல்லது. டொரொண்டோவைப் பற்றி அதிகம் பேசியிருக்கிறேன். பாடம் அங்கேதான் மிகத் தெளிவாகத் தெரிகிறது. அங்கே கொண்டோ, அதாவது சொந்தமாக வாங்கும் அடுக்குமாடி வீடு, வாங்கியவர்களில் தமிழர்களும் நிறையப் பேர்.

கிரேன் கணக்கெடுப்பை யார் எடுக்கிறார்கள்?

அதிகம் மேற்கோள் காட்டப்படுவது ரைடர் லெவெட் பக்னால் என்ற கட்டுமானச் செலவு ஆலோசனை நிறுவனத்தின் கணக்கு. சுருக்கமாக ஆர்எல்பி என்பார்கள். 2012இல் ஆஸ்திரேலிய நகரங்களில் தொடங்கினார்கள், பிறகு நியூசிலாந்து, வட அமெரிக்கா என்று விரிந்தது. ஆண்டுக்கு இரண்டு முறை ஆட்கள் நேரில் சுற்றிப் பார்த்து, சைட்டில் நிற்கும் கிரேன்களை எண்ணுகிறார்கள். குடியிருப்பு, அலுவலகம், மருத்துவமனை, கல்வி நிலையம் என்று எந்த வகைக் கட்டடத்துக்கு நிற்கிறது என்பதையும் பிரித்து எழுதுகிறார்கள். வட அமெரிக்கப் பட்டியலில் டொரொண்டோ, கால்கரி, சியாட்டில், லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க், பாஸ்டன், ஹொனலூலு உட்படப் பதினான்கு நகரங்கள் உண்டு.

லண்டனில் 1996 முதல் ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. இப்போது டெலாய்ட் நடத்துகிறது. பெயரில்தான் கிரேன் இருக்கிறது, அவர்கள் எண்ணுவது கிரேன்களை அல்ல. மத்திய லண்டன் தெருக்களில் நடந்து சென்று, 10,000 சதுர அடிக்கு மேல் அலுவலக இடம் தரும் கட்டுமானங்களைப் பட்டியலிடுகிறார்கள். எத்தனை சதுர அடி வருகிறது, அதில் எவ்வளவுக்கு ஏற்கெனவே வாடகைக்கு ஆள் பிடித்தாகிவிட்டது என்பதுதான் அவர்களுடைய கேள்வி. கிரேன் எண்ணிக்கையைவிட இது பயனுள்ள தகவல் என்பது என் கருத்து.

டப்ளினில் ஐரிஷ் டைம்ஸ் நாளிதழ் இன்னும் எளிமையான வழியைப் பிடித்தது. தங்கள் அலுவலகத்தின் ஏழாவது மாடியில் இருந்து மாதத்துக்கு ஒரு முறை நகர மையத்தைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியும் கிரேன்களை எண்ணி எழுதினார்கள். 2008 வீழ்ச்சியில் கிரேன்களே இல்லாமல் போன ஊர் அது. அங்கே ஒவ்வொரு மாதமும் ஓரிரு கிரேன்கள் கூடுவதைப் படித்தவர்களுக்கு அது வெறும் எண்ணாக இருந்திருக்காது.

கட்டட அனுமதி, சிமெண்ட் விற்பனை என்று எத்தனையோ புள்ளிவிவரம் இருக்கும்போது கிரேன் எதற்கு?

அனுமதி வாங்குவது ஓர் எண்ணம்தான். அனுமதி வாங்கிவிட்டுப் பல ஆண்டுகள் கட்டாமல் கிடக்கும் மனைகள் எல்லா ஊரிலும் உண்டு. சிமெண்ட் எந்த வேலைக்குப் போனது என்று மொத்த விற்பனைக் கணக்கில் தெரியாது. கிரேன் அப்படி இல்லை. அது நிற்க வேண்டுமென்றால் நிலம் தோண்டி, கிரேனின் காலுக்கென்று தனியாகக் கான்கிரீட் அடித்தளம் போட்டு, லாரிகளில் மாஸ்ட், அதாவது கிரேனின் செங்குத்தான தண்டு, துண்டு துண்டாகக் கொண்டுவந்து, இன்னொரு பெரிய மொபைல் கிரேனை வைத்து ஏற்றியாக வேண்டும். அதன் பிறகு மாத வாடகை, ஆபரேட்டர், சுமையைக் கொக்கியில் கட்டிவிடும் ரிக்கர், சிக்னல்மேன் சம்பளம் என்று பணம் போய்க்கொண்டே இருக்கும். ஆக, கிரேன் நின்றால் யாரோ உண்மையிலேயே பணத்தை இறக்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

இன்னொன்று, கிரேனை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எந்த அலுவலகத்திலும் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

வேலையின் எந்தக் கட்டத்தில் கிரேன் வரும், எப்போது போகும்?

நடுவில் வரும், நடுவிலேயே போய்விடும். முதலில் மனையைச் சுற்றித் தகரம் அடிப்பார்கள். அடித்தளத் தூண்களுக்குத் துளை போடும் பைலிங் ரிக் வரும், அடித்தளத்துக்குத் தோண்டுவார்கள். மூன்று நான்கு தளம் பார்க்கிங் கீழே போகிறதென்றால் இதற்கே ஓர் ஆண்டு போகலாம். ராஃப்ட், அதாவது அடியில் பரப்பும் கான்கிரீட் தளம், போடும் சமயத்தில்தான் கிரேன் ஏறும். அதன் பிறகு கம்பி, சென்ட்ரிங், ஸ்லாப் என்று மாடி மாடியாகப் போகும். கடைசி ஸ்லாப் முடிந்து, மேலே வைக்க வேண்டிய கனமான சாமான்களையும் ஏற்றிவிட்டால் கிரேனைக் கழற்றிவிடுவார்கள். உள்வேலை, கண்ணாடி, லிஃப்ட், மின் இணைப்பு எல்லாம் அதற்கப்புறமும் பல மாதங்கள் ஓடும். ஆட்களும் பொருட்களும் வெளிச்சுவரில் ஓடும் தற்காலிக லிஃப்டான ஹாய்ஸ்டில் போவார்கள்.

கிரேன் இல்லை என்றால் வேலை இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. வேலை தொடங்காமல் இருக்கலாம், தொடங்கிப் பள்ளத்துக்குள் நடக்கலாம், அல்லது முடியும் தறுவாயில் இருக்கலாம்.

கிரேன்கள் அதிகம் என்றால் அந்த ஊரில் பொருளாதாரம் இப்போது நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் பேர் தவறான பதிலை நம்பியிருக்கிறார்கள். டொரொண்டோவைப் பாருங்கள்.

2023 தொடக்கத்தில் ஆர்எல்பி எண்ணியபோது டொரொண்டோவில் 238 கிரேன்கள் நின்றன. பட்டியலில் இருந்த வேறெந்த நகரமும் அதன் அருகில்கூட வரவில்லை. எல்லா ஊர்களிலும் எண்ணிய மொத்தத்தில் ஏறக்குறைய பாதி இந்த ஒரே நகரத்தில் இருந்தது. அண்ணாந்து பார்த்த எவருக்கும் ஊர் ஏறுமுகத்தில் இருப்பதாகத்தான் தோன்றியிருக்கும்.

ஆனால் கீழே நடந்தது வேறு. கனடா மத்திய வங்கி 2022 மார்ச்சில் வட்டியை உயர்த்தத் தொடங்கியது. 0.25 சதவீதமாக இருந்தது 2023 ஜூலையில் 5 சதவீதத்தைத் தொட்டது. கொண்டோ விற்பனை சரிந்தது. 2024இல் டொரொண்டோ, ஹாமில்டன் வட்டாரம் முழுவதிலும் விற்ற புதிய கொண்டோக்கள் சுமார் 4,600 மட்டுமே. 1996க்குப் பிறகு இவ்வளவு குறைந்ததில்லை. உச்சத்தில் கிரேன்கள் நின்ற அந்த நாட்களிலேயே, அடுத்த கிரேன்கள் வருவதற்கான பணம் வற்றத் தொடங்கிவிட்டது.

இது ஏன் இப்படி என்பதற்குக் காரணம் கொண்டோ கட்டும் முறையிலேயே இருக்கிறது. அங்கே பில்டர் முதலில் வரைபடத்தைக் காட்டி வீடுகளை விற்பார். ப்ரீ கன்ஸ்ட்ரக்ஷன் என்று நம் ஆட்களும் சொல்வது இதைத்தான். வாங்குபவர் விலையில் 15 முதல் 20 சதவீதம் வரை தவணைகளாக முன்பணம் கட்டுவார். சுமார் 70 சதவீத வீடுகள் விற்ற பிறகுதான் வங்கிகள் பொதுவாகக் கட்டுமானக் கடன் தரும். அப்புறம் தோண்ட வேண்டும், அதற்கப்புறம் கிரேன். 2023இல் வானத்தில் தெரிந்த 238 கிரேன்களில் பெரும்பாலானவை வட்டி மலிவாக இருந்தபோது, அதாவது 2019 முதல் 2021 வரை, மக்கள் எடுத்த முடிவுகள். அவற்றைப் பார்த்து 2023இல் ஒருவர் "ஊர் போகிற வேகத்தைப் பார், இப்போதே வாங்கிவிட வேண்டும்" என்று நினைத்திருந்தால், பழைய நம்பிக்கையைப் புதிய செய்தியாகப் படித்திருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும். அப்படி நினைத்தவர்கள் நிறையப் பேர். வீட்டு மதிப்பு ஒப்பந்த விலைக்குக் கீழே போய், மோர்ட்கேஜ் போதாமல், சாவி வாங்கும் நாளில் தவித்த குடும்பங்களின் கதை, டொரொண்டோவில் தமிழர்கள் அதிகம் வாழும் ஸ்கார்பரோ பகுதியில் புதிதல்ல.

நகரத்தின் நடுவில், யங் தெருவும் புளூர் தெருவும் சந்திக்கும் இடத்தில் எழும் 'தி ஒன்' கோபுரம் இன்னொரு உதாரணம். 80 மாடிகளைத் தாண்டத் திட்டமிட்ட அந்தக் கட்டடம் கடன் சுமையால் 2023 அக்டோபரில் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கைக்குப் போனது. வேலை மட்டும் தொடர்ந்து நடந்தது. தெருவில் நின்று பார்த்தவருக்கு எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது.

டொரொண்டோவில் மட்டும் ஏன் இத்தனை?

கட்டுவது உயரமான கான்கிரீட் கோபுரங்கள் என்பது முதல் காரணம். ஒன்டாரியோ அரசு 2005இல் நகரத்தைச் சுற்றிப் பசுமை வளையம் ஒன்றை அறிவித்து, பக்கவாட்டில் பரவுவதைக் கட்டுப்படுத்தியது. மக்கள்தொகையோ கூடிக்கொண்டே போனது. மேலே போவதைத் தவிர வழியில்லை.

அடுத்த காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை. கிரேன் எண்ணிக்கை, எத்தனை வருகின்றன என்பதை மட்டும் காட்டுவதில்லை, ஒவ்வொன்றும் எவ்வளவு காலம் தங்குகிறது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. கல்யாணப் பந்தியில் ஒரு நேரத்தில் நூறு பேர் உட்கார்ந்திருந்தால், நிறையப் பேர் வந்திருக்கலாம், அல்லது பரிமாறுவது தாமதமாகி யாரும் எழுந்திருக்காமலும் இருக்கலாம். அறுபது மாடிக் கோபுரத்தில் கிரேன் இரண்டு மூன்று ஆண்டுகள் நிற்கும். ஆள் பற்றாக்குறை, சாமான் தாமதம் என்று வந்தால் இன்னும் நீளும். 2021, 2022இல் உலகம் முழுவதும் கட்டுமானப் பொருட்கள் தாமதமாகத்தான் வந்தன. அந்த நாட்களின் எண்களைப் படிக்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கை குறைந்தால் ஊர் படுத்துவிட்டதா?

அப்படியும் சொல்ல முடியாது. சியாட்டில் 2016 நடுவில் 58 கிரேன்களோடு அமெரிக்க நகரங்களில் முதலிடம் பிடித்தது. 2018 நடுவில் 65. அமேசானின் அலுவலகங்களும், அங்கே வேலைக்கு வந்தவர்களுக்கான குடியிருப்புகளும்தான் பெருமளவு காரணம். ஒரே காலத்தில் தொடங்கிய பல கோபுரங்கள் ஒரே காலத்தில் முடிந்தால் எண் சட்டென்று விழும். அந்த அரையாண்டில்தான் ஆயிரக்கணக்கான வீடுகள் குடியேறத் தயாராகின்றன.

ஒரு அரையாண்டு எண்ணை வைத்து எதுவும் பேசாமல் இருப்பதே நல்லது. தொடர்ந்து மூன்று நான்கு முறை இறங்கி, பழையவை கழற்றப்படும் இடங்களுக்குப் பக்கத்தில் புதிய பள்ளங்களும் இல்லை என்றால், அப்போது கவலைப்படக் காரணம் இருக்கிறது.

"உலகின் கிரேன்களில் கால்வாசி துபாயில்" என்பது உண்மையா?

2000களின் நடுவில் எல்லாரும் சொன்னார்கள். 15 சதவீதம் என்றும், 25 சதவீதம் என்றும், அதற்கு மேலும்கூட எழுதினார்கள். உலகத்தில் எத்தனை கிரேன்கள் இருக்கின்றன என்று யாரும் எண்ணியதில்லை என்பதால் இதைச் சரிபார்க்க வழியே இல்லை. அதே காலத்தில் சீனாவின் நூற்றுக்கணக்கான நகரங்கள் எழுந்துகொண்டிருந்ததை நினைத்தால் நம்புவது கடினம். இதே வாசகம் அதற்கு முன், 1990களில், ஷாங்காயின் புடோங் பகுதியைப் பற்றிச் சொல்லப்பட்டது. ஊர் மாறியது, விகிதம் ஏறக்குறைய அப்படியே இருந்தது.

துபாய் வேகமாகக் கட்டியது, 2009இல் பல திட்டங்கள் அப்படியே நின்றன. இந்த இரண்டும் உண்மை. கால்வாசிக் கணக்கை விட்டுவிடலாம்.

கிரேன் நிற்கிறது, வேலை நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் ஒரு தவறான அடையாளத்தை ஒதுக்கிவிடுங்கள். ஜிப், அதாவது மேலே நீண்டிருக்கும் கை, தானாகத் திரும்புவதைப் பார்த்து வேலை நடக்கிறது என்று நினைக்காதீர்கள். வேலை முடிந்து இறங்கும்போது ஆபரேட்டர் திருப்பும் பிரேக்கை விடுவித்துவிட்டுத்தான் போவார். ஜிப் காற்றின் போக்கில் சுதந்திரமாகத் திரும்ப வேண்டும். பூட்டி வைத்தால் பலத்த காற்றில் கோபுரமே சாயும் ஆபத்து உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஊரில் உள்ள எல்லாக் கிரேன்களும் ஒரே திசையைக் காட்டி நிற்பது இதனால்தான்.

நம்பகமான அடையாளம் உயரம். கட்டடம் உயர உயரக் கிரேனும் ஏறியாக வேண்டும். மாஸ்ட்டைச் சுற்றி ஒரு கூடு இருக்கும். ஹைட்ராலிக் ஜாக்கியால் மேல் பகுதியைத் தூக்கி, கிடைக்கும் இடைவெளியில் புதிய மாஸ்ட் துண்டைச் செருகுவார்கள். கிரேன் தன்னைத்தானே உயர்த்திக்கொள்ளும் இந்த வேலை பார்க்கத் திகட்டாத ஒன்று. குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் தனியாக நிற்க முடியாது என்பதால் கட்டடத்தோடு இரும்புச் சட்டம் போட்டுப் பிணைப்பார்கள். இரண்டு மூன்று மாதமாகப் புதிய ஸ்லாபும் இல்லை, மாஸ்ட்டும் ஏறவில்லை, வேலை நாளிலும் கொக்கி மேலேயே இருக்கிறது, கம்பிகள் துருப்பிடித்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன என்றால் சைட் நின்றுவிட்டது.

நின்றுபோன சைட்டில் கிரேனை ஏன் கழற்றுவதில்லை என்று கேட்பார்கள். வாடகைக் கிரேன் என்றால் உரிமையாளர் எடுத்துப் போகத்தான் பார்ப்பார். ஆனால் கழற்றுவதற்கு மொபைல் கிரேன், ஆட்கள், போக்குவரத்தை நிறுத்த அனுமதி எல்லாம் வேண்டும். பில்டரிடம் பணமில்லை, கடன் கொடுத்தவர்கள் வழக்குப் போட்டிருக்கிறார்கள் என்றால் அது அங்கேயே நிற்கும். கொழும்பில் இதைப் பார்த்தோம். 2022 நெருக்கடியில் ரூபாய் மதிப்பு சரிந்தது, டொலர் இல்லாமல் கம்பியும் சாமானும் இறக்குமதி செய்ய முடியவில்லை, கட்டுமானத் தொழிலில் ஏராளமானோர் வேலை இழந்தார்கள். பாதியில் நின்ற கோபுரங்களோடு கிரேன்களும் நின்றன. தூரத்தில் இருந்து எண்ணியவருக்கு அவையும் கணக்கில் வந்திருக்கும். அந்தச் சமயத்தில் கொழும்பில் கிரேன் எண்ணிக்கையை வளர்ச்சி என்று எழுதியிருந்தால் அது அங்கே வேலை இழந்த மேசன்களுக்குச் செய்த அநியாயம். பாங்காக்கில் 1997 நெருக்கடியில் நின்ற சாத்தோர்ன் யூனிக் என்ற கோபுரம் பல பத்தாண்டுகளாக முடிக்கப்படாமலே இருக்கிறது.

கிரேன்களில் வகை உண்டா? பிரித்து எண்ண வேண்டுமா?

உண்டு. ஜிப் கிடைமட்டமாக நீண்டு, அதன் அடியில் ட்ரோலி ஓடுவது பொதுவானது. ஜிப்பையே மேலும் கீழும் சாய்க்கும் லஃபிங் வகை நெருக்கமான நகர மையங்களில் நிற்கும். லண்டனிலும் சிட்னியிலும் பக்கத்து மனையின் வான்வெளிக்குள் ஜிப் போவதற்கு அந்த மனைக்காரரின் சம்மதம் வேண்டியிருக்கும், ஆகவே உயர்த்தி வைத்துக்கொள்ளக்கூடிய லஃபிங் கிரேன்கள் அங்கே அதிகம். லாரிமேல் இருப்பவை, நம் ஊரில் ஹைட்ரா என்று சொல்லும் வண்டி, பாலத்துக்கு வரும் கிராலர் கிரேன் ஆகியவற்றைச் சேர்க்காதீர்கள். அவை இன்று இங்கே, நாளை வேறெங்கோ.

இந்தக் குடும்பத்தின் ஆரம்பத்தில் ஜெர்மனியின் ஹான்ஸ் லீப்ஹெர் இருக்கிறார். போரில் தரைமட்டமான ஊர்களைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்த 1949இல், எளிதில் இடம் மாற்றிப் பொருத்தக்கூடிய டவர் கிரேனை அவர் உருவாக்கினார்.

ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து கிரேன்கள் மோதாமல் எப்படி இயங்குகின்றன?

ஒவ்வொன்றையும் வெவ்வேறு உயரத்தில் நிறுத்துவார்கள், ஒன்றின் ஜிப் இன்னொன்றின் மேலாகக் கடந்துபோகும். இப்போது சென்சார் வைத்த மோதல் தடுப்புக் கருவிகளும் உண்டு. ஆனாலும் கீழே நின்று வாக்கி டாக்கியில் பேசும் சிக்னல்மேனும், மேலே கூண்டில் இருக்கும் ஆபரேட்டரும் ஒருவரை ஒருவர் நம்புவதில்தான் வேலை ஓடுகிறது.

பெர்லினில் சுவர் விழுந்த பிறகு போட்ஸ்டாமர் பிளாட்ஸ் பகுதி ஐரோப்பாவின் மிகப் பெரிய கட்டுமான இடங்களில் ஒன்றாக இருந்தது. 1996 அக்டோபரில் ஒரு கட்டத்தை முடித்ததைக் கொண்டாட, பீத்தோவனின் ஒன்பதாம் சிம்ஃபொனிக்கு ஏற்றபடி அங்கிருந்த கிரேன்களை அசைத்தார்கள். நடத்தியவர் இசை நடத்துநர் டேனியல் பாரன்பாய்ம். பிரிந்து கிடந்த நகரத்துக்கு அந்தக் கிரேன்கள் எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கிரேன்கள் கூடினால் விபத்தும் கூடுமா?

ஏற்றும்போதும், உயர்த்தும்போதும், கழற்றும்போதும்தான் ஆபத்து அதிகம். சியாட்டிலில் 2019 ஏப்ரல் 27 அன்று, கூகுள் வளாகக் கட்டுமானத்தில் வேலை முடிந்த கிரேனைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மாஸ்ட் துண்டுகளை இணைக்கும் பின்களை முன்கூட்டியே உருவிவிட்டிருந்தார்கள். பலத்த காற்று வீச, கோபுரம் தெருவில் விழுந்தது. நான்கு பேர் இறந்தார்கள். இரண்டு பேர் கிரேனில் இருந்த தொழிலாளர்கள், இரண்டு பேர் கீழே காரில் போனவர்கள். அந்த ஊர் கிரேன் பட்டியலில் முதலிடம் பிடித்துப் பெருமைப்பட்ட ஆண்டுகளுக்கு அடுத்து நடந்தது இது. பட்டியல்களில் இந்தக் கணக்கும் ஒரு வரியாக வர வேண்டும் என்பது என் ஆசை.

சென்னையில் எண்ணினால் சரியாக வருமா?

எண்ணலாம், ஆனால் டொரொண்டோ மாதிரி படிக்க முடியாது. சென்னையில் கட்டப்படுவதில் பெரும்பகுதிக்கு டவர் கிரேனே வேண்டாம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இன்படி 18.30 மீட்டர் வரை இருப்பது 'உயரமில்லாத கட்டடம்' என்ற வகை. ஸ்டில்ட் பார்க்கிங்கும் மேலே நான்கைந்து மாடிகளும் அதற்குள் அடங்கிவிடும். அடையாறிலும் அண்ணா நகரிலும் பழைய வீட்டை இடித்துக் கட்டும் ஃபிளாட்டுகள் எல்லாம் இந்த வகை. ஒரு சின்ன ஹாய்ஸ்ட், கான்கிரீட் பம்ப், கொத்தனார், சித்தாள் போதும். ஊரின் தண்ணீரையும் பள்ளிக்கூடங்களையும் தெருவையும் அழுத்தப்போகும் வீடுகள் இவைதான், வானத்தில் இவற்றுக்கு அடையாளமே இருக்காது.

உயரமான கட்டடங்களிலும் ஒரு சிக்கல் உண்டு. ஓஎம்ஆர் எனும் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் அடுக்குமாடிகள் பலவற்றில் மிவான் என்று சொல்லும் அலுமினியப் பலகைகளை வைத்துச் சுவரையும் ஸ்லாபையும் சேர்த்தே வார்க்கிறார்கள். அந்தப் பலகைகளை ஆட்களே கைமாற்றி மேல் மாடிக்கு ஏற்றலாம், கான்கிரீட், நீண்ட குழாய்க் கையுள்ள பூம் பிளேசரில் போய்விடும். கிரேனுக்கு வேலை குறைவு. ஐடி பார்க் கட்டுபவர்கள், ப்ரீகாஸ்ட் முறையில் ஆலையில் வார்த்த சுவர்களைக் கொண்டுவந்து பொருத்துபவர்கள் ஆகியோருக்குத்தான் பெரிய கிரேன்கள் கட்டாயம். ஆக, சென்னையில் கிரேன் எண்ணிக்கை வீடுகளைவிட அலுவலகங்களைப் பற்றியே அதிகம் பேசும்.

இதற்கு மேல் மெட்ரோ ரயில். 118.9 கிலோமீட்டர் நீளும் இரண்டாம் கட்டத்தின் வேலையில் பல இடங்களில் ஏதாவது ஒரு கிரேன் நின்றது. அதைக் கட்டடக் கணக்கில் சேர்த்தால் ஊர் முழுக்க அடுக்குமாடி வருவதாகத் தோன்றும். தனியாக எழுதுங்கள்.

சென்னைக்கு நல்ல மூலம் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட திட்டம் என்றால் பதிவு செய்தாக வேண்டும், பட்டியலை யாரும் பார்க்கலாம்.

நானே என் ஊரில் எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?

ஒரு மொட்டை மாடியோ மேம்பாலமோ, ஒரே இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். இடத்தை மாற்றினால் பழைய எண்ணோடு ஒப்பிட முடியாது. மாதம் ஒரு முறை, வேலை நாளில், காலை வெளிச்சத்தில் பாருங்கள். வெறும் எண்ணை எழுதாமல், எந்தத் தெரு, எத்தனையாவது மாடி நடக்கிறது, ஒரே சைட்டில் எத்தனை கிரேன் என்று எழுதுங்கள். ஒரு பெரிய மருத்துவமனைக்கு நான்கு கிரேன் நிற்கலாம், ஓர் அடுக்குமாடிக்கு ஒன்று. சைட் கணக்கும் கிரேன் கணக்கும் தனித்தனியாக இருந்தால்தான் பிறகு ஏதாவது புரியும். புகைப்படம் எடுத்து வையுங்கள். கூடவே தகரம் அடித்த புது மனைகளையும் பைலிங் ரிக்குகளையும் குறித்தால், அடுத்த ஆண்டுக் கிரேன்கள் எங்கே வரும் என்று முன்னதாகவே தெரியும். என்னைக் கேட்டால் அந்தப் பட்டியல்தான் அதிகம் மதிப்புள்ளது.

சைட்டுக்குள் போகாதீர்கள். ட்ரோன் விடுவதற்கு விதிகள் இருக்கின்றன, விமான நிலையம் இருக்கும் ஊரில் இன்னும் கடுமை.

செயற்கைக்கோள் படத்தில் எண்ணலாமா?

ஐரோப்பாவின் சென்டினல் படங்கள் இலவசம்தான், ஆனால் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தரையில் பத்து மீட்டர் அகலம். அதில் பள்ளம் தோண்டியது தெரியும், கிரேனைத் தனியாக எண்ண முடியாது. அரை மீட்டர் அளவுக்குத் துல்லியமான விலைப்படங்களில் ஜிப்பும், தரையில் விழும் அதன் நீண்ட நிழலும் தெளிவாகத் தெரியும். அமெரிக்காவில் இன்னொரு வழி உண்டு. 200 அடிக்கு மேல் எதை நிறுத்தினாலும் விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், அந்த விண்ணப்பங்கள் பொதுவில் கிடைக்கின்றன. கிரேன் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

வீடு வாங்கப் போகிறேன். சுற்றிலும் ஒரே கிரேன்கள். நல்லதா, கெட்டதா?

அக்கம்பக்கத்தில் நிற்கும் கிரேன்கள் இரண்டு மூன்று ஆண்டில் அங்கே எத்தனை வீடுகள் சேர்ந்தாற்போல் சந்தைக்கு வரும் என்பதைச் சொல்கின்றன. வாடகைக்கு விட நினைத்து வாங்குபவருக்கு அது போட்டி. குடியிருக்க வாங்குபவருக்கு அது தூசி, சத்தம், பிறகு கூட்டம், கொஞ்சம் பேரம் பேசும் வாய்ப்பு.

நீங்கள் வாங்கும் கட்டடத்தின் கிரேனை மட்டும் தனியாகக் கவனியுங்கள். மூன்று மாத இடைவெளியில் இரண்டு முறை போய்ப் பாருங்கள், எத்தனை ஸ்லாப் ஏறியது என்று எண்ணுங்கள். தமிழ்நாட்டில் என்றால் பில்டர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆணையத்தின் தளத்தில் பதிவேற்ற வேண்டிய முன்னேற்ற விவரத்தோடு ஒப்பிடுங்கள். வாங்குபவர்களிடம் பெற்ற பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும், ஒப்பந்தம் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்பது 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். ஒன்டாரியோவில் என்றால் உங்கள் முன்பணம் சட்டப்படி, பில்டரின் பணத்தோடு கலக்காத டிரஸ்ட் கணக்கில் இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். புதிய வீடுகளுக்கு உத்தரவாதம் தரும் டேரியன் அமைப்பு கொண்டோ முன்பணத்துக்குத் தரும் காப்பு 20,000 டொலர் வரைதான். மீதி அந்தக் கணக்கை நம்பித்தான் இருக்கிறது.